வைக்கோல் போட்டுப் பாசியைத் தடுப்பது எப்படி: திருகோணமலை மாவட்டத்தவருக்கு ஒரு வழிகாட்டி

பங்குனி வெயில் ஏறியதும் நிலாவெளி, சாம்பல்தீவு, குச்சவெளிப் பக்கத்துத் தோட்டத் தொட்டிகள் பச்சை பிடிக்கத் தொடங்கும். மீன்குளங்களில் பாசி படையாக எழும்பும். சொட்டுநீர்க் குழாயின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். யாரிடம் கேட்டாலும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். மயில்துத்தம் (செப்பு சல்பேற்று) போடு என்பார் ஒருவர், வேப்பெண்ணெய் ஊற்று என்பார் இன்னொருவர். நாங்களும் இப்படி ஆள் ஆளாகக் கேட்டு அலைந்து கடைசியில் நெல் வைக்கோலில் வந்து நின்றோம். அதற்கும் ஒரு காலம், ஒரு அளவு, ஒரு கட்டுகிற முறை இருக்கிறது. முன்கூட்டியே இதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு வெயில் காலம் முழுக்க வீணாகியிருக்காது. அடுத்தவருக்காவது அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முக்கியமான விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வைக்கோல் இருக்கிற பாசியை அழிக்காது. இனி வரப்போகும் பாசியைத்தான் தடுக்கும். காற்றோட்டமுள்ள தண்ணீரில் வைக்கோல் மெல்ல மெல்ல உக்கும்போது அதிலுள்ள லிக்னின் (தண்டை விறைப்பாக வைத்திருக்கும் பொருள்) சிதைந்து சில பொருட்கள் வெளியாகும். வெயிலும் ஒட்சிசனும் அவற்றோடு சேரும்போது மிகச் சிறிய அளவில் ஐதரசன் பெரொக்சைட் உண்டாகும் என்பதுதான் பொதுவாகத் தரப்படும் விளக்கம். புதுப் பாசி பெருகாமல் இருக்க அந்தச் சிறிய அளவே போதும். தொட்டி முழுக்கப் பச்சையான பிறகு வைக்கோலைப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். மருந்து மாதிரி நினைத்துப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இங்கிலாந்தில் 1990 அளவில் இதைக் கால்வாய்களில் சோதித்தபோது பார்லி வைக்கோலைத்தான் பயன்படுத்தினார்கள். நம் நாட்டில் பார்லி விளைவதில்லை. ஆனால் நெல் வைக்கோலின் சாறு மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியின் வளர்ச்சியை அடக்குகிறது என்று கொரிய ஆய்வாளர்கள் 2006இல் ஆய்வுகூடச் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். கீழே வரும் அளவுகள் பார்லிக்குச் சொல்லப்பட்டவை. நெல் வைக்கோலுக்கும் அவற்றையே தொடக்கமாக வைத்து, உங்கள் தண்ணீரைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் எந்தப் பாசி என்று பாருங்கள்

ஒரு தடியை விட்டுக் கிளறித் தூக்குங்கள். தடியில் தலைமயிர் மாதிரி நூல் நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி. பச்சைப் பெயின்ற் பூசியது போல வழுவழுவென்று ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உறுதி செய்ய இன்னொரு வழி இருக்கிறது. உள்ளே தெரிகிற நிறமில்லாப் போத்தல் ஒன்றில் முக்கால்வாசி தண்ணீரை எடுத்து மூடி, அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் பச்சை முழுக்க அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே மிதந்து வளையம் கட்டியிருந்தால் நீலப்பச்சைப் பாசி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே மிதந்தால் அந்தத் தண்ணீரில் கை வைக்க வேண்டாம், மாடு ஆட்டைக் குடிக்கவிட வேண்டாம். இந்த இனத்தில் சில நஞ்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மயில்துத்தத்தை ஊற்றி ஒரேயடியாகக் கொன்றாலும் ஆபத்துத்தான். செத்த பாசிக்குள் இருந்த நஞ்சு முழுவதும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கிவிடும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். நீங்களாக வைத்தியம் பார்க்கிற இடம் அது இல்லை.

ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை), சல்வீனியா, வேர்விட்டு வளரும் நீர்ப்பூண்டுகள் எதற்கும் வைக்கோல் கேட்காது. அவற்றைக் கையால் அள்ளத்தான் வேண்டும்.

2. எந்தத் தண்ணீரில் போடலாம், எதில் கூடாது

தோட்டத்துக்கு நீர் இறைக்கும் சீமெந்துத் தொட்டி, மீன்குளம், அலங்காரத் தடாகம், சிறு குளம் எல்லாவற்றிலும் போடலாம்.

குடிநீர்க் கிணற்றில் போடவே கூடாது. தண்ணீர் தேயிலைச் சாயம் போல மஞ்சளிக்கும். உக்கிய பொருள் கலந்த தண்ணீருக்குக் குளோரின் போட்டால் வேண்டாத இரசாயனங்களும் உண்டாகும். குடிநீருக்கு நிழல்தான் மருந்து. வெளிச்சம் இல்லாத இடத்தில் பாசி வளராது. கிணற்றுக்கு மூடி, மேல்நிலைத் தாங்கிக்குக் கறுப்புத் தாங்கி, அவ்வளவுதான். சின்னச் சீமெந்துத் தொட்டி என்றால் மேலே இரண்டு கிடுகுத் தட்டியைப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இதைச் செய்து பார்த்துவிட்டு, போதாவிட்டால் மட்டும் வைக்கோலுக்கு வாருங்கள்.

ஏற்கெனவே இருக்கும் பாசியைக் கண்ணி சின்னதான வலையால் அள்ளி வெளியே போடுங்கள். கரை ஓரத்திலேயே குவித்தால் அடுத்த மழைக்கு அதன் சத்து முழுக்க மறுபடி தண்ணீருக்குள் போய்ச் சேரும். இன்னொன்று, வெங்காயத் தோட்டத்துக்குப் போடும் யூரியாவை மணல் நிலம் பிடித்து வைக்காது. அது நேரே கிணற்றில் இறங்கும், கிணற்றிலிருந்து தொட்டிக்கு வரும், பாசிக்குத் தீனியாகும். பசளையை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் பிரித்துப் போட்டால் காசும் மிச்சம், பாசியும் குறையும்.

3. கடிதமும் அனுமதியும்

சொந்தக் காணியில் உள்ள தொட்டிக்கும் குளத்துக்கும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பொதுக் குளம் என்றால் கேட்காமல் ஒரு பிடி வைக்கோல்கூடப் போடாதீர்கள். பிறகு மீன் செத்தாலும் மாடு செத்தாலும் பழி உங்கள் மேல்தான்.

சிறு குளங்களுக்கு முதலில் அந்தக் குளத்துக் கமக்காரர் அமைப்பிடம் போக வேண்டும். அவர்கள் சம்மதித்துக் கூட்டக் குறிப்பில் எழுதிய பிறகு கமநல சேவை நிலையத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம். கோயில் தீர்த்தக் குளம் என்றால் பரிபாலன சபை. குளத்தில் நன்னீர் மீன்பிடிச் சங்கம் இயங்கினால் அவர்களிடமும் ஒரு பிரதி கட்டாயம் கொடுங்கள். குளத்தை நாள்தோறும் பார்க்கிறவர்கள் அவர்கள்தான், முதல் எதிர்ப்பும் முதல் உதவியும் அங்கேயிருந்துதான் வரும்.

கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: குளத்தின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, நீர்ப்பரப்பு எவ்வளவு, எத்தனை கிலோ வைக்கோல், எப்போது போடப்படும், எப்போது எடுக்கப்படும், எடுக்கப்போவது யார். இந்தக் கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். எடுக்கிறவர் யார் என்ற வரி இல்லை என்று ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதத்தைத் திருப்பித் தந்தார்கள், அதற்குள் அறுவடை முடிந்து நல்ல வைக்கோலும் போய்விட்டது. கூடவே அடையாள அட்டைப் பிரதி, கூட்டக் குறிப்பின் பிரதி, பைகள் எங்கெங்கே வரும் என்று கையால் வரைந்த ஒரு படம், குளத்தின் இப்போதைய புகைப்படம் ஆகியவற்றை இணையுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியில் கிடைத்ததற்கான முத்திரையைத் திகதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் "சரி, போடுங்கோ" என்று சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

தை மாதம் முடிவதற்குள் கடிதம் போய்விட வேண்டும். பெரும்போக அறுவடை மாசி பங்குனியில் வரும். அப்போது அனுமதி கையில் இருந்தால்தான் வைக்கோல் புதிதாகக் கிடைக்கும் நேரத்தில் வேலை நடக்கும்.

நுளம்பைப் பற்றி இங்கேயே சொல்லவேண்டும். வைக்கோல் ஊறிய தண்ணீரின் வாசம் முட்டையிட வரும் நுளம்பை இழுக்கும். டெங்கு நுளம்பைப் பிடிக்கும் பொறிகளிலேயே அப்படி ஊறிய தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டுத் தொட்டியில் குடம்பி கண்டால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம். ஆகவே வைக்கோல் போடும் தொட்டியில் கப்பி மீன் விடுங்கள், அல்லது நுளம்பு வலையால் இறுக்கி மூடுங்கள். இரண்டும் முடியாது என்றால் வைக்கோல் வேண்டாம்.

4. வைக்கோல் எடுக்கும் இடமும் நேரமும்

தம்பலகாமம், கந்தளாய், மூதூர், கிண்ணியாப் பக்கம் அறுவடை நடக்கும்போது நேரே வயலுக்குப் போய்விடுங்கள். பல இடங்களில் வைக்கோலைக் கொளுத்திவிடுகிறார்கள், நல்லபடியாகக் கேட்டால் சும்மாவே தருவார்கள். மாட்டுக்காரர்கள் வாங்கும் இடங்களில் கட்டுக்கு விலை உண்டு. எப்படியானாலும் உங்கள் செலவில் பெரிய பங்கு வைக்கோலுக்கு இல்லை, ஏற்றுக்கூலிக்குத்தான். வீட்டுத் தொட்டிக்கு மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிவரும் ஓர் உரப்பையே தாராளம். குளத்துக்கு என்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு லான்ட்மாஸ்டர் பிடியுங்கள்.

வயல்காரரிடம் கேட்கவேண்டியது ஒன்று: கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தார்? அறுவடைக்குக் கிட்ட மருந்து அடித்த வயல் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வயலுக்குப் போங்கள். அந்த மருந்து உங்கள் மீனுக்கு வந்து சேரும்.

நன்றாகக் காய்ந்து பொன்னிறமாக இருக்க வேண்டும். பச்சை வைக்கோலும் புல்லும் கூடாது. அவை சட்டென்று அழுகித் தண்ணீரிலுள்ள ஒட்சிசனை இழுத்துவிடும். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்ததையும் விடுங்கள்.

5. நிறுத்துப் போடுங்கள்

கண்மட்டத்தில் அள்ளிப் போடுவதுதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். கணக்கு ஆழத்தை வைத்து இல்லை, நீர்ப்பரப்பை வைத்து. தெளிந்த தண்ணீருக்குச் சதுர மீற்றருக்கு 25 கிராம். கலங்கல் தண்ணீருக்கு 50 கிராம் வரை போகலாம். 100 கிராமைத் தாண்டினால் ஒட்சிசன் குறைந்து மீன் சாகலாம்.

ஒரு பேர்ச்சஸ் கிட்டத்தட்ட 25 சதுர மீற்றர். ஆகவே ஒரு பேர்ச்சஸ் பரப்புள்ள குளத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலே, 625 கிராம் அளவில் போதும். நீளம் 10 மீற்றர், அகலம் 8 மீற்றர் உள்ள மீன்குளம் 80 சதுர மீற்றர் வரும், அதற்கு 2 கிலோ. ஓர் ஏக்கர் குளத்துக்கு 100 கிலோ. நீளம் 2 மீற்றர், அகலம் ஒன்றரை மீற்றர் உள்ள வீட்டுத் தொட்டிக்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 75 கிராம், இரண்டு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். இதைப் பார்த்து "இவ்வளவு காணாதே" என்று ஒரு கட்டு முழுவதையும் தள்ளிவிடுவதுதான் தொட்டியை நாறடிக்கிறது. சமையலறைத் தராசே இதற்குப் போதும்.

6. பை கட்டுவது

வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பைதான் இதற்குச் சரியான பை. சந்தைக் கடைகளில் கேட்டால் பழையது கிடைக்கும். உரப்பை வேண்டாம், தண்ணீர் உள்ளே ஓடாது. வைக்கோலை உதறி, தளர்வாக நிரப்புங்கள். மெஷின் கட்டிய கட்டை அப்படியே போட்டால் நடுவுக்குக் காற்றே போகாது, உள்ளே அழுகும். பையின் மேல் கையை வைத்து அமுக்கினால் விரல் வைக்கோலுக்குள் புதைய வேண்டும், கல்லுப்போல் இருக்கக்கூடாது.

ஊறிய வைக்கோல் சில வாரத்தில் தாழ்ந்துவிடும். அடியில் கிடந்தால் வேலை செய்யாது. ஆகவே ஒவ்வொரு பைக்குள்ளும் மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று அல்லது ரெஜிபோம் துண்டு ஒன்றை வைத்துக் கட்டுங்கள். பை நீர்மட்டத்துக்குக் கிட்டவே, வெயிலும் காற்றும் படும்படி நிற்க வேண்டும். ஒரு பெரிய பையைவிடப் பல சின்னப் பைகள் நல்லது. குளம் முழுக்கப் பரவலாக விட்டு, ஒவ்வொன்றையும் கயிற்றில் கல்லுக் கட்டி நிறுத்துங்கள். கல்லில்லாமல் விட்டால் கச்சான் காற்றுப் பலக்க வீசும் நாளில் எல்லாப் பையும் ஒரே கரையில் போய் ஒதுங்கிவிடும்.

7. போட்ட பிறகு

குளிர் நாட்டில் தண்ணீர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்கும்போது இது பலன் காட்ட ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும். 20 பாகைக்கு மேல் போனால் ஒன்றிரண்டு வாரம். நம் தண்ணீர் அதைவிடச் சூடு, எனவே இரண்டு வாரத்துக்குள் வைக்கோல் தன் வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் தொடங்குவது வேறு, கண்ணுக்குத் தெரிவது வேறு. பழைய பாசி தானாக வயதாகிச் சாக வேண்டும், புதிது வராமல் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குப் பொறுமை வேண்டும்.

முதல் இரண்டு வாரமும் விடியற்காலையில் ஒருக்கால் எட்டிப் பாருங்கள். ஒட்சிசன் ஆகக் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால் பாதிப் பைகளை உடனே தூக்குங்கள், மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிடுங்கள்.

மாதம் ஒரு தடவை ஒரு பையைத் தூக்கிப் பாருங்கள். மேல் வைக்கோல் மண்ணிறமாகி வழுக்கும், நடுவில் இன்னும் நார் நாராக இருக்கும், குட்டி இறாலும் பூச்சிகளும் ஓடும், மழை பெய்த மண்ணின் வாசம் வரும். இது நல்ல பை. கறுத்து, கூழாகி, கூழ்முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே காற்றில்லை. அதை எடுத்துவிட்டு இன்னும் தளர்வாக ஒன்று கட்டுங்கள்.

ஒரு தடவை போட்டது ஆறு மாதம்வரை தாங்கும் என்பது குளிர் நாட்டுக் கணக்கு. நம் வெயிலில் வேகமாக உக்கும். மூன்றாம் மாதம் கழிந்ததும் கவனமாக இருங்கள், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதுப் பை போடுங்கள். பழையதை உடனே எடுக்காமல் இரண்டும் ஒரு மாதம் சேர்ந்து கிடக்கட்டும், இல்லாவிட்டால் இடைவெளியில் பாசி நுழைந்துவிடும். இந்தக் கட்டத்தில் சிறுபோக அறுவடையும் நெருங்கும், வைக்கோலுக்குத் தட்டுப்பாடு இருக்காது.

8. சாறாக எடுத்தால்

சொட்டுநீர் வடிகட்டியில் வைக்கோல் துணிக்கை அடைக்கும் என்று பயப்படுகிறவர்கள் சாறாக எடுக்கலாம். ஒரு பீப்பாவில் நறுக்கிய வைக்கோலைத் தளர்வாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, வாயை நுளம்பு வலையால் கட்டி, வெயில் படும் இடத்தில் வையுங்கள். நாள்தோறும் தடியால் கிண்டுங்கள், மீன்தொட்டி மோட்டார் இருந்தால் காற்று விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கடுந்தேநீர் நிறத்துக்கு வரும். துணியில் இரண்டு தடவை வடியுங்கள்.

ஒவ்வொரு பீப்பாச் சாற்றின் கடுமையும் வேறு, ஆகவே அளவை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஒரே மாதிரி நிறமில்லாப் போத்தல்கள் நாலை எடுத்து எல்லாவற்றிலும் உங்கள் தொட்டித் தண்ணீரை ஒரு லீற்றர் ஊற்றுங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். மற்றவற்றுக்கு முறையே ஒன்று, இரண்டு, ஐந்து தேக்கரண்டி சாறு. மதில் மேல், பாதி நிழலில் வரிசையாக வைத்து இரண்டு வாரம் பாருங்கள். முதல் போத்தல் பச்சைப்பிடிக்கும்போது மற்றவற்றில் எது தெளிவாக நிற்கிறதோ, அவற்றில் ஆகக் குறைந்த அளவுதான் உங்கள் அளவு. மீன் உள்ள தொட்டி என்றால் ஒரு வாளித் தண்ணீரில் அந்த அளவில் சாற்றைக் கலந்து ஒன்றிரண்டு கப்பியை ஓரிரு நாள் விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

சாற்றைப் போத்தலில் அடைத்துப் பாசிக்கொல்லி என்று விற்கிற யோசனை வந்தால், முதலில் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த இடத்தில் குறுக்கே வரும். சொந்தத் தொட்டிக்கு எடுப்பது வேறு கதை.

9. மற்ற மூலிகைகள் பற்றி

முருங்கை விதையும் தேத்தாங்கொட்டையும் தண்ணீரைத் தெளியவைக்கும். கலங்கலில் மிதக்கும் மண்ணையும் சிறு உயிரிகளையும் ஒன்றாகத் திரட்டிக் கீழே இறக்கும், அதுதான் அவற்றின் வேலை. பாசி வளர்வதை அவை தடுக்காது. முருங்கை விதைத் தூள் போட்ட தண்ணீரை நெடுநாள் வைத்தால் நாறும், ஒரு நாளைக்குள் பயன்படுத்திவிட வேண்டும். குளத்துக்கு ஏற்றதல்ல.

வேப்பெண்ணெயை மீன் உள்ள தண்ணீரில் ஊற்றாதீர்கள். இலுப்பைப் பிண்ணாக்கு அதைவிட மோசம். வேண்டாத மீனைக் கொன்று குளத்தை வெறுமையாக்குவதற்கே அதைப் போடுகிறார்கள். "எல்லாம் இயற்கைதானே" என்று யாராவது கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள்.

10. எடுக்கும் காலம்

ஐப்பசியில் வாடைமழை பிடிக்குமுன் எல்லாப் பைகளையும் கரையேற்றிவிடுங்கள். வெள்ளம் வந்தால் பை அடித்துக்கொண்டு போய் மதகை அடைக்கும், பொதுக் குளம் என்றால் அதுவே அடுத்த வருட அனுமதிக்கு வினையாகும். எடுத்ததும் ஒரு படம் பிடித்துக் கமக்காரர் அமைப்புக்குக் காட்டுங்கள், பைகளை எண்ணிக் கொடுங்கள். உக்கிய வைக்கோல் தென்னைக்கு நல்ல பசளை, பாத்தியில் கொட்டி மண் போட்டு மூடிவிடலாம். வலைப்பையும் போத்தலும் கயிறும் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்தால் அடுத்த மாசிக்கு வைக்கோல் மட்டும் கொண்டுவந்தால் போதும்.